வைப்பாறும் அதன் வாயில் வாழும் மீன்களும்

இராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் கடற்கரை இல்லையெனினும், அவற்றின் மேற்கே நிற்கும் மலைகளில் பெய்யும் மழை, அர்ச்சுனா ஆறு முதலிய சிற்றாறுகளின் வழியே வைப்பாற்றில் கலந்து, தூத்துக்குடி மாவட்டத்தில் மன்னார் வளைகுடாவைச் சேர்கிறது. நன்னீரும் கடல்நீரும் கலக்கும் அந்த இடமே கழிமுகம் எனப்படும். கடலில் முட்டையிடும் மடவை, பால்மீன், கொடுவா போன்றவற்றின் குஞ்சுகள், இரை மிகுந்தும் பெருமீன்களின் தொல்லை குறைந்தும் இருக்கும் கழிமுகங்களில் புகுந்து வளர்கின்றன. இவற்றுள் கொடுவா முதலில் ஆணாக முதிர்ந்து, பின்னர் பெண்ணாக மாறும் விந்தையான மீன்.

வைப்பாற்றுப் படுகையிலுள்ள பிளவக்கல், வெம்பக்கோட்டை, இருக்கன்குடி அணைகள் உழவுக்கு இன்றியமையாதவை என்பதை மறுக்க இயலாது. ஆயினும் மழையை மட்டுமே நம்பிய ஆற்றில் தேக்கப்படும் ஒவ்வொரு பங்கு நீரும் கழிமுகத்தின் கணக்கிலிருந்தே கழிகிறது. நீரோட்டம் தளர்ந்தால் அலைகள் குவிக்கும் மணல்திட்டு ஆற்றுவாயை அடைத்துவிடுவதால் குஞ்சுகள் உள்ளே நுழைய வழியில்லை. உள்ளே தேங்கிய நீரோ வெயிலில் வற்றிக் கடலினும் உப்பேறுகிறது.

அத்தகைய நீரிலும் தாக்குப்பிடிப்பது, 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்க மீனான திலேப்பியா, அதாவது சந்தையில் விற்கும் ஜிலேபி மீன். தாய்மீன் முட்டைகளை வாய்க்குள்ளேயே காத்துப் பொரிப்பதால் அதன் பெருக்கம் எளிதில் தடைபடுவதில்லை. ஆகவே சீர்குலைந்த கழிமுகத்தில் வலை கனமாக இருக்கலாம். ஆனால் அதில் விழும் மீன்வகைகள் ஒன்றிரண்டாகச் சுருங்கிவிடுகின்றன.