களைப்பும் இரத்தப் பரிசோதனையும்

மரைன் ஹில் மேட்டில் ஏறுகையில் முன்பு இல்லாத இளைப்பு, தலைமயிர் கற்றையாக உதிர்தல், உணவு மிகாமலே உடல் பருத்தல், மறதி. இவற்றை ஊர் ஏக்கம் என்றும், தீவின் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்றும் சொல்லி நம்மவர் ஆண்டுகளைக் கழித்துவிடுகின்றனர். கழுத்தின் முன்புறத்துள்ள தைராய்டுச் சுரப்பி சோம்பினாலும் இக்குறிகள் தோன்றும். பி12, டி வைட்டமின்கள் குறைந்தாலும் இவற்றுட் சில தோன்றும். கண்ணால் பிரித்தறிய இயலாது.

கடல் சூழ்ந்த ஊரில் அயோடின் குறைவு ஏது என்பார் உண்டு. கடல்மீனில் அயோடின் உண்டு. ஆனால் சாதாரணக் கடலுப்பில் அது மிகச் சிறிதே. மண்ணிலுள்ளதையும் பெருமழை கரைத்துச் செல்லும். அயோடின் சேர்த்த உப்பின் பயனைக் காங்க்ரா பள்ளத்தாக்கில் 1956-இல் தொடங்கிய ஆராய்ச்சி ஐயமற நாட்டியது. எனினும் அவ்வுப்பை உண்பாருக்கும் சுரப்பி சோம்புவதுண்டு. உடலின் காப்புச் சக்தியே அதனைத் தாக்குதல் அதற்குப் பெருங்காரணம்.

முதலில் வேண்டுவது டி.எஸ்.எச். என்னும் அளவு. மாடு தளர்ந்தால் வண்டிக்காரனின் அதட்டல் மிகுவதுபோல, தைராய்டு தளர்ந்தால் மூளையடியிலுள்ள பிட்யூட்டரி சுரக்கும் இவ்வளவு உயரும். உயர்ந்திருந்தால் டி4 அளவையும், வேண்டின் எதிர்ப்பொருளையும் மருத்துவர் பார்ப்பார். கருவுற்ற பெண் இதனைத் தள்ளிப்போடலாகாது. தாயின் குறை குழந்தையின் மூளை வளர்ச்சியைத் தொடும். மரைன் ஹில்லில் வாழ்வோர்க்கு அட்லாண்டா முனையிலுள்ள கோவிந்த வல்லப பந்த் மருத்துவமனை தொலைவன்று.

சைவ உணவினரும், நீரிழிவுக்கு மெட்பார்மின் நெடுநாள் உண்பாரும் பி12 பார்த்துக்கொள்வது நலம். அதனைப் பாராமல் போலிக் அமில மாத்திரை மட்டும் உண்டால் இரத்தசோகை மறையும். நரம்புக்கேடோ உள்ளே வளரும். வெயில் நிறைந்த தீவாயினும், நாள் முழுதும் அலுவலகத்தில் அடைந்திருப்பாருக்கு டி குறையக்கூடும்.

எண்பது சோதனைகள் கொண்ட பெரும்பட்டியலே முழுமையான சோதனை என்று எண்ணுதல் வீண் செலவு. முழுமை வேறிடத்தில் உள்ளது. மயிர் வளர்ச்சிக்கென விற்கும் பயோட்டின் மாத்திரை தைராய்டு அளவுகளைப் பொய்யாகக் காட்டவல்லது. இரத்தம் கொடுப்பதற்கு இரண்டு நாள் முன்னரேனும் அதனை நிறுத்துக. மருந்தின் அளவை மாற்றினால் மறுசோதனைக்கு ஆறு முதல் எட்டு வாரம் பொறுத்தல் வேண்டும். அன்றைய தைராக்சின் மாத்திரையை இரத்தம் கொடுத்தபின் உண்க. ஒவ்வொரு முறையும் காலையில் ஒரே வேளையில் கொடுக்க.

நம்மவருள் பலர் கப்பலேறி மூன்று நாளில் சென்னை சேர்ந்து, அங்கே புதிதாகச் சோதித்துக்கொண்டு, இங்குள்ள எண்ணோடு ஒப்பிட்டுக் கலங்குவர். கூடத்துக்குக் கூடம் முறையும் வேறு, இயல்பு எல்லையும் வேறு. ஆகவே பழைய தாள்களை, உண்ட மருந்தின் பெயரும் தேதியும் குறித்து, பெட்டியில் துணிகளுக்கு மேலே வைத்து எடுத்துச் செல்க.