மாணாக்கர் இடறுமுன் அறிதல்

பரீட்சை முடிவு வெளியான பின்னரே மாணாக்கன் பின்தங்கியதைக் கல்லூரி அறிவது வழக்கம். அதற்குள் காலம் கடந்துவிடுகிறது. வருகை, மதிப்பெண், கட்டணம் முதலிய குறிப்புகள் தனித்தனிப் பதிவேடுகளில் கிடப்பதே இதற்குக் காரணம். இவற்றை ஒன்றுசேர்த்து ஆராயக் கணிப்பொறி உதவுகிறது.

அமெரிக்காவில் அட்லாண்டா நகரிலுள்ள ஜார்ஜியா மாநிலப் பல்கலைக்கழகம் இதற்குத் தக்க சான்றாகும். 2003-இல் அங்கு ஆறாண்டுகளுக்குள் பட்டம் பெற்றோர் நூற்றுக்கு 32 பேரே. பத்தாண்டுப் பதிவுகளிலிருந்து சுமார் 25 இலட்சம் மதிப்பெண்கள் ஆராயப்பட்டு, ஏறத்தாழ 800 அபாய அறிகுறிகள் வகுக்கப்பட்டன. 2012-இல் இம்முறை நடைமுறைக்கு வந்தது. முதன்மைப் பாடத்தின் அடிப்படை வகுப்பில் மதிப்பெண் குறைந்தாலும், தேவையற்ற பாடத்தில் பெயர் பதிந்தாலும், ஆலோசகருக்கு உடனே அறிவிப்புச் செல்லும். அவர் மாணாக்கனை அழைத்துப் பேசுவார். இதற்கெனக் கூடுதல் ஆலோசகர்களும் அமர்த்தப்பட்டனர். சிறுதொகைப் பாக்கியினால் படிப்பை விட நேர்ந்தோருக்கு 2011 முதலே உதவித்தொகையும் வழங்கப்பட்டது. இம்முயற்சிகளின் பயனாகப் பட்டம் பெறுவோர் பிற்காலத்தில் பாதிக்கு மேலாயினர்.

எனினும் எச்சரிக்கை தேவை. புள்ளிவிவரம் கடந்த காலத்தையே உரைக்கும். ஒருவனது வருங்காலத்தை அது தீர்மானிக்கலாகாது. "தேறமாட்டான்" என்று முத்திரையிட அது பயன்படுமாயின் நன்மையைவிடத் தீங்கே மிகும். தனிப்பட்ட விவரங்களைக் காப்பதும் கடமையாகும். இந்தியாவில் இதற்கென 2023-இல் சட்டம் இயற்றப்பட்டுள்ளது.

கணிப்பொறி சுட்டிக்காட்டும், கைகொடுத்துத் தூக்க வேண்டியவர் ஆசிரியரே.