பவர்ஷிஃப்ட் கியர்பெட்டிக் குறைபாடு

பவர்ஷிஃப்ட் கியர்பெட்டிக் குறைபாடு என்பது ஃபோர்டு நிறுவனம் தன் ஃபியஸ்டா, ஃபோக்கஸ், ஈக்கோஸ்போர்ட் ஆகிய வண்டிகளில் பொருத்திய ஆறு வேகத் தானியங்கிக் கியர்பெட்டியில் தோன்றிய அதிர்வு, தயக்கம், இழுவை இழப்பு முதலிய பழுதுகளையும், அவற்றைத் தொடர்ந்து பல நாடுகளில் எழுந்த உரிமையாளர் முறையீடுகளையும் குறிக்கும். இம்மூன்றில் ஈக்கோஸ்போர்ட் பயன்பாட்டு வண்டி வகையைச் சேர்ந்தது. எஸ்யூவி என்று பரவலாக அழைக்கப்படும் இவ்வகையில் அது சிறியது. இந்தியச் சந்தைக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் உரிய ஈக்கோஸ்போர்ட் வண்டிகள் சென்னையை அடுத்த மறைமலை நகரில் உருவாக்கப்பட்டவை. ஒரே ஆலையில் ஒரே வகைக் கியர்பெட்டியுடன் வெளிவந்த வண்டிக்கு உரிமையாளர் பெறும் தீர்வு, அவர் வாழும் நாட்டின் சட்டத்தையும், முறையீடுகளைத் திரட்டும் அமைப்பு அங்கு உள்ளதா என்பதையும் பொறுத்து எவ்வளவு மாறுபடும் என்பதற்கு இது ஒரு தெளிவான எடுத்துக்காட்டாகும்.

தமிழ்நாட்டுடனான தொடர்பு

ஃபோர்டு நிறுவனம் 1990களின் நடுப்பகுதியில் மகிந்திரா நிறுவனத்துடன் கூட்டாக இந்தியாவில் கால்பதித்தது. அதன் மறைமலை நகர் ஆலையில் உருவான ஈக்கோஸ்போர்ட் 2013 சூன் மாதம் இந்தியாவில் விற்பனைக்கு வந்தது. 1.5 லிட்டர் பெட்ரோல் பொறி கொண்ட தானியங்கி வகையில் பவர்ஷிஃப்ட் கியர்பெட்டி இடம்பெற்றது. 2017 நவம்பரில் வெளிவந்த புதுப்பிக்கப்பட்ட ஈக்கோஸ்போர்ட்டில் இது கைவிடப்பட்டு, முறுக்குவிசை மாற்றி கொண்ட வழக்கமான தானியங்கிக் கியர்பெட்டி பொருத்தப்பட்டது.

ஏற்றுமதிக்கான வண்டிகள் சாலை வழியாக வடசென்னைக்குக் கொண்டுவரப்பட்டு, சென்னைத் துறைமுகத்திலிருந்தும் எண்ணூர்த் துறைமுகத்திலிருந்தும் கப்பலேற்றப்பட்டன. முன்னது காசிமேடு மீன்பிடித் துறைமுகத்திற்குத் தெற்கே அதனை ஒட்டி அமைந்துள்ளது. பின்னது 2014 முதல் காமராசர் துறைமுகம் எனப் பெயர் பெற்றது. இந்தியாவில் வண்டி உற்பத்தியை நிறுத்துவதாக ஃபோர்டு 2021 செப்டம்பர் 9 அன்று அறிவித்தது. மறைமலை நகர் ஆலையில் உற்பத்தி 2022இல் முடிவுற்றது.

அமைப்பும் இயங்குமுறையும்

பொறியில் உண்டாகும் சுழற்சியைச் சக்கரங்களுக்குக் கொண்டுசெல்லும் உறுப்புகளின் தொகுதி ஆற்றல் கடத்தும் தொகுதி எனப்படும். கிளட்ச், கியர்பெட்டி, அச்சுத் தண்டுகள் ஆகியவை இதன் முதன்மை உறுப்புகள். வழக்கமான தானியங்கி வண்டியில் பொறிக்கும் கியர்பெட்டிக்கும் இடையில் எண்ணெயால் இயங்கும் முறுக்குவிசை மாற்றி இருக்கும். எண்ணெய் வழியாக ஆற்றல் கடப்பதால் ஓட்டம் மென்மையாக இருக்கும். ஆனால் ஆற்றலில் ஒரு பகுதி வெப்பமாக வீணாகும்.

இவ்விழப்பைக் குறைக்க உருவாக்கப்பட்டதே இரட்டைக் கிளட்ச் முறை. இதில் ஒரு கிளட்ச் 1, 3, 5 ஆகிய ஒற்றைப்படைக் கியர்களையும், மற்றொன்று 2, 4, 6 ஆகிய இரட்டைப்படைக் கியர்களையும் இயக்குகின்றது. வண்டி இரண்டாம் கியரில் ஓடும்போதே மூன்றாம் கியர் பிணைக்கப்பட்டுத் தயாராக இருக்கும். ஒரு கிளட்ச் விடுபட, மற்றொன்று பற்றிக்கொள்ளும். எனவே கியர் மாறும்போது இழுவை ஏறத்தாழ அறுபடுவதில்லை.

இரட்டைக் கிளட்ச்சில் ஈர வகை, உலர் வகை என இரண்டு உண்டு. ஈர வகையில் கிளட்ச் தட்டுகள் எண்ணெயில் மூழ்கியிருக்கும். உராய்வினால் தோன்றும் வெப்பத்தை எண்ணெய் அகற்றும். உலர் வகையில் அவ்வெண்ணெய் இல்லை. எடையும் எரிபொருள் செலவும் குறையும். வெப்பத்தைத் தட்டுகளே தாங்க வேண்டும். ஃபோர்டு பவர்ஷிஃப்ட் என்ற வணிகப் பெயரை இரு வகைகளுக்கும் பயன்படுத்தியது. இக்கட்டுரை கூறும் முறையீடுகள், டிபிஎஸ்6 என்ற குறியீடு கொண்ட உலர் வகையைப் பற்றியவை. இது கெட்ராக் நிறுவனத்துடன் இணைந்து உருவாக்கப்பட்டது.

உலர் கிளட்ச் முழுமையாகப் பற்றியிருக்கும்போது அதில் வழுக்கல் இல்லை. வண்டி நின்ற நிலையிலிருந்து நகரும்போதும் ஊர்ந்து செல்லும்போதும் தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்குகின்றன. கொள்கலன் சரக்குந்துகள் வரிசைகட்டி நிற்கும் எண்ணூர் நெடுஞ்சாலை போன்ற ஓரிடத்தில் ஓட்டுநர் பத்தடி நகர்ந்து நின்று, மீண்டும் பத்தடி நகர நேரிடும். கையால் கியர் மாற்றும் வண்டியில் கிளட்ச்சை எப்போது விடுவிப்பது என்பதை ஓட்டுநர் முடிவு செய்வார். இரட்டைக் கிளட்ச் வண்டியில் அம்முடிவைக் கட்டுப்பாட்டுக் கணினி எடுக்கின்றது. ஓட்டுநர் செய்யக்கூடியது மிகக் குறைவு.

குறைபாடுகள்

முறையீடுகளிலும் நீதிமன்ற ஆவணங்களிலும் பின்வரும் குறைபாடுகள் விவரிக்கப்பட்டுள்ளன.

அதிர்வு: உராய்வுப் பரப்பின் தன்மை சீராக இல்லாவிடின் தட்டுகள் ஒட்டியும் வழுக்கியும் மாறிமாறி இயங்கும். வழுக்கும் வேகம் கூடும்போது உராய்வு குறையுமானால், சிறிய அதிர்வும் தணியாமல் பெருகும். இவ்வதிர்வை இருக்கையில் அமர்ந்திருப்பவர் வண்டி நடுங்குவதாக உணர்வார்.

எண்ணெய்க் கசிவு: கியர்பெட்டியின் உள்ளீட்டுத் தண்டைச் சுற்றியுள்ள முத்திரை வளையங்கள் கசியும்போது எண்ணெய் உலர்ந்த கிளட்ச் தட்டுகளில் படும். பொறியின் பின்புற முத்திரை வளையக் கசிவும் இதே விளைவைத் தரும். உலர்ந்திருக்க வேண்டிய பரப்பில் எண்ணெய் பட்டால் பிடிப்பு சீரற்றுப்போகும்.

கட்டுப்பாட்டுக் கணினிப் பழுது: கணினியின் மின்சுற்றுப் பலகையில் பற்றவைப்பு இணைப்புகள் வெடிக்கும்போது தொடர்பு விட்டுவிட்டு அறுபடும். இதனால் வண்டி தொடங்காமல் போகலாம். ஓடிக்கொண்டிருக்கும்போதே இழுவை அறுபடலாம். பாதுகாப்பு நோக்கில் இதுவே மிகக் கடுமையான குறைபாடு.

அடிப்படை வடிவமைப்பு: பொறியின் சுழற்சி சீரானதன்று, ஒவ்வோர் எரிதலின்போதும் சிறு துடிப்பு உண்டாகின்றது. இத்துடிப்பைத் தணிக்கும் ஏற்பாடு இக்கியர்பெட்டியில் போதுமானதாக இல்லை என ஆஸ்திரேலிய நீதிமன்றம் கண்டது. உறுப்புகளைப் புதியனவாக மாற்றினாலும் இவ்வகைக் குறை நீங்காது. கிளட்ச் மாற்றிய சில மாதங்களில் அதிர்வு திரும்பியதாகப் பலர் முறையிட்டதை இது விளக்குகின்றது.

உரிமையாளர் முறையீடுகளும் தீர்வுகளும்

ஆஸ்திரேலியா

இக்கியர்பெட்டி கொண்ட ஏறத்தாழ 70,000 வண்டிகள் ஆஸ்திரேலியாவில் விற்கப்பட்டன. அவற்றுள் ஏறத்தாழ பாதி, கியர்பெட்டி தொடர்பாகக் குறைந்தது ஒருமுறையாவது பழுதுபார்க்கப்பட்டவை. ஆஸ்திரேலியப் போட்டி மற்றும் நுகர்வோர் ஆணையம் ஃபோர்டு ஆஸ்திரேலியா மீது வழக்குத் தொடுத்தது. 2018 ஏப்ரல் 26 அன்று கூட்டாட்சி நீதிமன்றம் 1 கோடி ஆஸ்திரேலிய டாலர் தண்டத்தொகை விதித்தது.

இத்தண்டத்தொகை கியர்பெட்டி பழுதானதற்காக விதிக்கப்பட்டதன்று. 2015 மே முதல் 2016 பிப்ரவரி வரை முறையீடுகள் கையாளப்பட்ட விதத்திற்காக விதிக்கப்பட்டது. பரவலான குறை இருப்பதை நிறுவனம் அறிந்திருந்தும் ஒவ்வொரு முறையீட்டையும் தனித்த நிகழ்வாகவே நடத்தியது. அதிர்வுக்கு வாடிக்கையாளர் வண்டி ஓட்டும் விதமே காரணம் எனச் சிலரிடம் கூறப்பட்டது. பணத்தைத் திருப்பித் தருவதற்கு மாறாக, மேலும் பெருந்தொகை செலுத்தி வேறு வண்டி பெறும் திட்டமே முன்வைக்கப்பட்டது. திரும்பப் பெறப்பட்ட வண்டிகள் மறுவிற்பனைக்கும் சென்றன. இந்நடத்தை நேர்மைக்குப் புறம்பானது என நீதிமன்றம் அறிவித்தது. நிறுவனமும் இதனை ஏற்றுக்கொண்டது.

உரிமையாளர்கள் கூட்டாகத் தொடுத்த தனி வழக்கில், இவ்வண்டிகள் சட்டம் கோரும் ஏற்கத்தக்க தரத்தில் இல்லை என 2021 சூன் மாதம் தீர்ப்பளிக்கப்பட்டது. இழப்பீட்டை எவ்வாறு கணக்கிடுவது என்ற கேள்வி அந்நாட்டின் தலைமை நீதிமன்றம் வரை சென்று, அது 2024 நவம்பரில் தீர்ப்பு வழங்கியது.

ஐக்கிய அமெரிக்கா

அமெரிக்காவில் ஃபியஸ்டா, ஃபோக்கஸ் வண்டிகளே இக்கியர்பெட்டியுடன் விற்கப்பட்டன. 2014இல் ஃபோர்டு கிளட்ச்சுக்கான உத்தரவாதத்தை 7 ஆண்டுகள் அல்லது 1,00,000 மைல் எனவும், கட்டுப்பாட்டுக் கணினிக்கானதை 10 ஆண்டுகள் அல்லது 1,50,000 மைல் எனவும் நீட்டித்தது. 2012இல் கலிபோர்னியாவில் தொடுக்கப்பட்ட கூட்டு வழக்கில் ஏற்பட்ட உடன்பாட்டை 2020இல் நீதிமன்றம் ஏற்றது. இது ஏறத்தாழ 19 இலட்சம் இந்நாள், முன்னாள் உரிமையாளர்களைத் தழுவியது. இழப்பீடு, வண்டி எத்தனை முறை பழுதுபார்க்கப்பட்டது என்பதன் அடிப்படையில் வரையறுக்கப்பட்டது. எனவே ஒவ்வொரு வருகைக்கும் பெற்ற பணிச்சீட்டு முதன்மைச் சான்றாயிற்று.

பிற நிகழ்வுகள்

உலர் இரட்டைக் கிளட்ச் சிக்கல் ஃபோர்டுக்கு மட்டும் உரியதன்று. ஃபோக்ஸ்வாகன் நிறுவனத்தின் இரட்டைக் கிளட்ச் கியர்பெட்டி பற்றிச் சீனத் தொலைக்காட்சி 2013 மார்ச் 15 அன்று நிகழ்ச்சி ஒளிபரப்பியது. அதனைத் தொடர்ந்து அந்நாட்டில் 3,84,181 வண்டிகள் மீட்டழைக்கப்பட்டன.

பவர்ஷிஃப்ட் கைவிடப்பட்ட பின்னரும் ஈக்கோஸ்போர்ட் மீதான முறையீடுகள் ஓயவில்லை. அமெரிக்காவுக்குச் சென்னையிலிருந்து அனுப்பப்பட்ட 1.0 லிட்டர் பொறி கொண்ட வண்டிகளில், எண்ணெய் இறைப்பியை இயக்கும் வாரும் அதன் இறுக்கியும் பழுதடைந்தன. எண்ணெய் அழுத்தம் இழந்தால் பொறி நின்றுபோகும். தடைக்கு உதவும் வெற்றிட விசையும் குறையும். 2023 திசம்பரில் 2018–2022 ஈக்கோஸ்போர்ட், 2016–2018 ஃபோக்கஸ் ஆகியவற்றில் மொத்தம் 1,39,730 வண்டிகள் மீட்டழைக்கப்பட்டன.

இந்தியாவில் சட்ட நிலை

ஈக்கோஸ்போர்ட் அறிமுகமான 2013இல் பழுதுள்ள வண்டிகளை மீட்டழைக்க உற்பத்தியாளரைக் கட்டாயப்படுத்தும் சட்டம் இந்தியாவில் இல்லை. 2012இல் இந்தியத் தானுந்து உற்பத்தியாளர் சங்கம் வகுத்த தன்னார்வ நெறிமுறை மட்டுமே இருந்தது. மோட்டார் வாகனங்கள் (திருத்தச்) சட்டம், 2019 இந்நிலையை மாற்றியது. அதன் 110அ பிரிவு, உரிமையாளர் முறையீடுகள் வரையறுத்த அளவை எட்டினால் மீட்டழைப்புக்கு உத்தரவிட அரசுக்கு அதிகாரம் அளிக்கின்றது. இதற்கான விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தன.

இவ்விதிகளுக்கு இரு எல்லைகள் உண்டு. முதலாவதாக, குறைபாடு சுற்றுச்சூழலுக்கோ, வண்டியில் செல்வோருக்கோ, சாலையைப் பயன்படுத்தும் பிறருக்கோ தீங்கு விளைவிக்கக்கூடியதாக இருத்தல் வேண்டும். நெடுஞ்சாலையில் இழுவை அறுபடுவது இதில் அடங்கும். நெரிசலில் வண்டி நடுங்குவது அடங்குமா என்பது வாதத்திற்குரியது. இரண்டாவதாக, உற்பத்தியாகி ஏழாண்டுகளுக்கு உட்பட்ட வண்டிகளுக்கே இது பொருந்தும். பவர்ஷிஃப்ட் கொண்ட ஈக்கோஸ்போர்ட் 2017இல் நிறுத்தப்பட்டதால், அவ்வண்டிகள் இவ்வெல்லையைக் கடந்துவிட்டன.

தனியொரு உரிமையாளருக்கு உள்ள வழி நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். 1986ஆம் ஆண்டுச் சட்டத்திற்கு மாற்றாக 2019ஆம் ஆண்டுச் சட்டம் 2020 சூலை 20 முதல் நடைமுறைக்கு வந்தது. இதன்படி நுகர்வோர் தாம் வாழும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே முறையிடலாம். காசிமேட்டிலோ இராயபுரத்திலோ வாழும் ஒருவர், வண்டியை வேறு ஊரில் வாங்கியிருந்தாலும், அந்த ஊருக்குச் சென்று வழக்காட வேண்டியதில்லை. முறையீட்டுக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மனு அளிக்க வேண்டும். ஒரே குறையால் பாதிக்கப்பட்ட பலர், ஆணையத்தின் இசைவுடன் கூட்டாகவும் முறையிடலாம்.

குறைபாட்டை மெய்ப்பிக்கும் பொறுப்பு பெரும்பாலும் உரிமையாளரையே சாரும். ஆய்வின்றி அறிய இயலாத குறையை உரிய ஆய்வகத்திற்கு அனுப்பிவைக்க ஆணையத்திற்கு அதிகாரம் உண்டு. கிளட்ச் பழுது தொடர்பாக மாருதி உத்யோக் நிறுவனம் மேல்முறையீடு செய்த வழக்கில் 2006இல் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு இங்குக் குறிப்பிடத்தக்கது. பழுதான உறுப்பை மாற்றித் தர இயலும் நிலையில் முழு வண்டியையும் மாற்றித் தருமாறு உத்தரவிட வேண்டியதில்லை என அது கூறியது. கிளட்ச் மாற்றியும் அதிர்வு நீங்காத நிலையில், குறை ஓர் உறுப்பில் உள்ளதா, வடிவமைப்பிலேயே உள்ளதா என்பது இதனால் முதன்மை பெறுகின்றது. வடிவமைப்புக் குறையை ஒரு வண்டியைக் கொண்டு மெய்ப்பிப்பது கடினம். அதே குறை பல வண்டிகளில் திரும்பத் திரும்பத் தோன்றியதைக் காட்டும் பதிவுகள் தேவை. ஆஸ்திரேலியாவில் அப்பதிவுகளை ஒரு பொது ஆணையம் நிறுவனத்திடமிருந்தே பெற்றது.

2019ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், பலரைப் பாதிக்கும் குறைகளைத் தானே விசாரிக்கவும் பொருள்களை மீட்டழைக்க உத்தரவிடவும் அதிகாரம் பெற்றுள்ளது. வடிவமைப்புக் குறையால் விளைந்த தீங்குக்கு உற்பத்தியாளரைப் பொறுப்பாக்கும் பிரிவுகளும் இச்சட்டத்தில் உள்ளன. எனினும் முறையீடு எழுத்தில் பதிவானால் மட்டுமே அது எண்ணிக்கையில் சேரும். பணிமனையில் வாய்மொழியாகக் கூறி, பணிச்சீட்டில் இடம்பெறாமல் போகும் நடுக்கம் எந்தச் சட்டத்தின் கண்ணுக்கும் புலப்படுவதில்லை.

இவற்றையும் பார்க்க

தானியங்கிக் கியர்பெட்டி
கிளட்ச்
காமராசர் துறைமுகம்
நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019