லாரி நிற்கிறது, நெட் வரவில்லையா?

சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் லோடு ஏற்றிய லாரி நின்றால் நஷ்டம் நமக்கே. 2018 முதல், மதிப்பு வரம்பைத் தாண்டிய சரக்கு இ-வே பில் இல்லாமல் கிளம்ப முடியாது. ஆகவே நெட் நின்றால் வயர்களையெல்லாம் பிடுங்காமல் வரிசையாகப் பார்ப்போம்.

முதலில், வயர் சொருகிய இடத்தில் விளக்கு எரிகிறதா?

அடுத்து, கணினியின் ஐ.பி. முகவரி 169.254 என்று தொடங்கினால், ரவுட்டரிடமிருந்து முகவரி கிடைக்கவில்லை. ரவுட்டரை அணைத்துப் போடுங்கள்.

முகவரி சரியென்றால், 8.8.8.8 என்ற எண்ணுக்குப் ‘பிங்’ கொடுங்கள். பதில் வந்தும் எந்தத் தளமும் திறக்காவிட்டால், பெரும்பாலும் கோளாறு டி.என்.எஸ்.ஸில்தான். பெயரை எண்ணாக மாற்றித் தரும் விலாசப் புத்தகம் அது. அந்த இடத்தில் 8.8.8.8 என்று போட்டுப் பாருங்கள்.

அப்படியும் சரியாகாவிட்டால், செல்போன் நெட்டில் பில் போட்டு வண்டியை அனுப்புங்கள். எந்தப் படியில் நின்றது என்று மெக்கானிக்கிடம் சொன்னால் பாதி வேலை முடிந்தது.