பசி டானிக் தீர்க்காத பட்டினி

மாமல்லபுரத்தில் அர்ச்சுனன் தபசுப் பாறைக்கு முன்னால் நிற்கும் கூட்டம் யானைகளைத்தான் அதிகம் படம் எடுக்கிறது. பாறைப் பிளவுக்கு இடப்பக்கம் கொஞ்சம் மேலே பார்த்தால் ஒரு தவசி ஒற்றைக் காலில் நிற்கிறார். இரண்டு கைகளும் தலைக்கு மேலே. விலா எலும்புகளை ஒவ்வொன்றாக எண்ணலாம். வயிறு முதுகோடு ஒட்டிக் கிடக்கிறது. பட்டினி உடம்பை என்ன செய்யும் என்று ஏழாம் நூற்றாண்டுச் சிற்பிக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது.

அந்தத் தவசி வரம் வேண்டி உண்ணாமல் நிற்பவர். வரம் கிடைத்ததும் தவம் முடிந்துவிடும். நிறுத்த நினைத்தாலும் நிறுத்த முடியாத பட்டினி ஒன்று உண்டு. அதற்கு மருத்துவத்தில் 'அனோரெக்சியா நெர்வோசா' என்று பெயர்.

பெயரே குழப்புகிறது. 'அனோரெக்சியா' என்ற கிரேக்கச் சொல்லுக்குப் பசியின்மை என்று பொருள். இந்த நோயில், குறைந்தபட்சம் தொடக்கத்தில், பசி நன்றாகவே இருக்கும். சாப்பிடத்தான் முடியாது. தட்டைப் பார்த்ததும் பயம் வரும், குற்ற உணர்வு வரும். இந்த ஒரு குழப்பத்தால் எத்தனையோ வீடுகளில் மாதக்கணக்கில் நேரம் வீணாகிறது. செங்கல்பட்டிலோ திருக்கழுக்குன்றத்திலோ, எந்த ஊர் மருந்துக்கடையில் கொஞ்ச நேரம் நின்றாலும் இந்தப் பேச்சு காதில் விழும்: "அண்ணே, பொண்ணு சரியா சாப்பிடவே மாட்டேங்குது, இளைச்சுப் போச்சு. பசிக்கு ஏதாவது டானிக் குடுங்க."

அப்படிக் கை மாறும் 'பசி டானிக்' பலவற்றில் இருப்பது சைப்ரோஹெப்டடின் என்ற ஒவ்வாமை மருந்து. தூக்கம் வரவைக்கும், கூடவே பசியையும் தூண்டும். இதை அனோரெக்சியா நோயாளிகளுக்கே கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். 1986இல் அமெரிக்காவில் கேத்தரின் ஹால்மி குழுவினர் 72 பேரிடம் செய்த ஆய்வு அது. உணவை மட்டும் குறைத்துக்கொண்டிருந்தவர்களுக்குச் சிறிதளவு பயன் தெரிந்தது. அளவுக்கு மீறிச் சாப்பிட்டுப் பிறகு வாந்தி எடுக்கும் வகையினருக்கோ அந்த மருந்து சிகிச்சைக்கே இடைஞ்சலானது. பசி இல்லாததல்ல பிரச்சினை என்னும்போது பசியைத் தூண்டி என்ன ஆகும்?

வேறு மாத்திரைகள்? அறுபது வருடங்களுக்கு மேலாகத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். 1960 வாக்கில் லண்டனில் குளோர்புரோமசினையும் இன்சுலினையும் சேர்த்துக் கொடுத்தார்கள். அந்த முறை நிலைக்கவில்லை. பிறகு மனச்சோர்வு மருந்துகளின் காலம் வந்தது. நோயாளிகள் சோர்ந்திருக்கிறார்கள், ஒரே எண்ணத்தில் சுழல்கிறார்கள். ஃபுளுவாக்ஸெடின் உதவும் என்று நினைப்பது நியாயம்தான். 2006இல் வெளியான நியூயார்க், டொராண்டோ ஆய்வு அந்த நம்பிக்கையைத் தளர்த்தியது. எடை தேறிய 93 பேரில் ஒரு பாதிக்கு ஃபுளுவாக்ஸெடின், மறுபாதிக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரை. ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் இரு தரப்புக்கும் வித்தியாசமே இல்லை. எடை தேறாதவர்களிடமும் இந்த வகை மருந்துகள் பெரிதாக வேலை செய்வதில்லை. அதற்கு ஒரு விளக்கம் சொல்கிறார்கள். மூளையில் உள்ள செரட்டோனின் என்ற வேதிப்பொருளைச் சார்ந்தே இந்த மருந்துகள் செயல்படுகின்றன. செரட்டோனின் தயாராக வேண்டிய மூலப்பொருள் சாப்பாட்டிலிருந்துதான் வருகிறது. சாப்பாடே இல்லாத உடம்பில் மருந்து எதைப் பிடித்துக்கொண்டு வேலை செய்யும்?

கொஞ்சமாவது பலன் காட்டியது ஓலன்சபின். நம் அரசு மருத்துவமனைகளில் மனச்சிதைவு நோய்க்குத் தரப்படும் மாத்திரைதான் இது. 2019இல் வெளியான ஆய்வில் அமெரிக்கா, கனடாவைச் சேர்ந்த 152 பேருக்கு 16 வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். வெற்று மாத்திரை எடுத்தவர்களைவிட ஓலன்சபின் எடுத்தவர்களுக்கு எடை சற்று வேகமாக ஏறியது. ஐந்தடி இரண்டங்குல உயரமுள்ள பெண்ணுக்குக் கணக்குப் போட்டால் மாதத்துக்குச் சுமார் 400 கிராம் கூடுதல். ஆனால் எடை பற்றிய பயமும், உணவு பற்றிய ஓயாத எண்ணமும் குறையவில்லை. இந்த 400 கிராமைக் குறைத்து மதிப்பிடவும் கூடாது. மயங்கி விழும் நிலையில் இருப்பவருக்கு அது பெரிய உதவி. அதற்காக நோய் தீர்ந்தது என்று சொல்லிவிட முடியாது.

அனோரெக்சியாவுக்கு என்றே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு ஒப்புதல் அளித்த மருந்து ஒன்றுகூட இல்லை. மருந்தை மட்டுமே சிகிச்சையாகத் தர வேண்டாம் என்று பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2017இல் வெளியிட்ட வழிகாட்டுதல் வெளிப்படையாகச் சொல்கிறது. சில மருந்துகள் ஆபத்தும்கூட. ப்யூப்ரோபியான் இவர்களுக்கு வலிப்பை வரவழைக்கலாம். பழைய வகை மனச்சோர்வு மாத்திரைகள், ஏற்கெனவே பலவீனமான இதயத்தின் துடிப்பைக் குலைக்கலாம். பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார் என்று மாத்திரை வாங்கிக் கொடுக்கக் கூடாத நோய் இது.

அப்படியானால் எதுதான் மருந்து? சாப்பாடு. இதைச் சொன்னால் வீட்டார் கோபப்படுவார்கள். அதைத்தானே சாப்பிட மாட்டேன் என்கிறாள் என்பார்கள். லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் 1980களில் உருவான குடும்பவழிச் சிகிச்சை அந்த இடத்திலிருந்துதான் தொடங்குகிறது. நோய் முற்றிய நிலையில் என்ன சாப்பிடுவது, எவ்வளவு சாப்பிடுவது என்ற முடிவைப் பிள்ளையிடம் விடுவதில்லை, பெற்றோர் ஏற்கிறார்கள். மூன்று வேளையும் இடைத்தீனியும் தட்டில் வரும். அப்பாவோ அம்மாவோ பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். அரை மணி ஆனாலும் ஒரு மணி ஆனாலும் எழ மாட்டார். திட்டுவது கிடையாது, கெஞ்சுவது கிடையாது. "இது உன் தப்பில்ல கண்ணு, நோய் பண்ற வேலை. இந்த இட்லிய முடிச்சிடலாம்." அமெரிக்காவில் 121 வளரிளம் பருவத்தினரிடம் இந்த முறையையும் தனிநபர் சிகிச்சையையும் ஒப்பிட்டு 2010இல் முடிவை வெளியிட்டார்கள். சிகிச்சை முடிந்து ஒரு வருடத்துக்குப் பின் குடும்பவழியில் போனவர்களில் 49 சதவீதத்தினர் முழுமையாகத் தேறியிருந்தார்கள். மற்றவர்களில் 23 சதவீதம். பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டுவது தமிழ் வீடுகளுக்குப் புதிதா என்ன?

இதில் கவனம் வேண்டிய இடம் ஒன்று உண்டு. வெகுநாள் பட்டினி கிடந்தவருக்கு ஒரேயடியாக நிறையக் கொடுத்தால் ரத்தத்தில் பாஸ்பேட் திடீரென்று சரியும். இதயம் நின்றுபோகவும் கூடும். இரண்டாம் உலகப் போரில் சிறையிலிருந்து மீண்ட கைதிகளிடம் மருத்துவர்கள் கண்ட ஆபத்து இது. பட்டினி கிடந்தவருக்குக் கஞ்சியில் ஆரம்பி என்று நம் பாட்டிமார் சொன்னதும் இதனால்தான் பொருந்துகிறது. எடை மிகவும் குறைந்தவர்களுக்கு முதல் நாட்கள் மருத்துவமனையில், ரத்தப் பரிசோதனையோடும் தையமின் என்ற வைட்டமின் மாத்திரையோடும் கழிய வேண்டும்.

நம் ஊரில் இந்த நோய் உண்டா என்று கேட்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். 1998இல் ஸ்ரீநிவாசன், சுரேஷ், வசந்தா ஜெயராம் ஆகியோர் சென்னை மருத்துவ மாணவர்களிடம் நடத்திய ஆய்வை வெளியிட்டார்கள். நூற்றுக்குப் பதினைந்து பேர் அளவில் உணவு சார்ந்த மனக்கலக்கம் இருந்தது. மேல்நாட்டு நோயின் முழு வடிவத்தைவிட அது லேசானது. டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் 1995இல் விவரித்த நோயாளிகள் குண்டாகிவிடுவேன் என்று பயந்து பேசவேயில்லை. இங்கே புகார் வேறு மாதிரி வருகிறது. "வயிறு நெறைஞ்ச மாதிரியே இருக்கு." "சாப்பிட்டா கொமட்டுது." அல்சர் என்று எண்டோஸ்கோப்பி, காசநோயோ என்று சளிப் பரிசோதனை, மாதவிலக்கு நின்றதென்று மகப்பேறு மருத்துவர், திருஷ்டி என்று கோயில் என நாட்கள் ஓடும். காசநோய், தைராய்டு, சர்க்கரை இல்லை என்று உறுதி செய்வது அவசியம்தான். எல்லா ரிப்போர்ட்டும் நார்மல் என்றானபின் மனநல மருத்துவரிடம் போகத் தயங்குவதில்தான் உயிர் போகிறது. மனநோய்களிலேயே இறப்பு விகிதம் மிக அதிகமுள்ளவற்றில் இது ஒன்று. அந்த இறப்புகளில் ஐந்தில் ஒன்று தற்கொலை.

செங்கல்பட்டு மாவட்டத்தில் இருப்பவர்கள் வெகுதூரம் அலைய வேண்டியதில்லை. 1965இல் தொடங்கிய செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு. கோவளத்தில் 'தி பேனியன்' அமைப்பு பல ஆண்டுகளாகச் சமூக மனநலப் பணி செய்துவருகிறது. மகளோ மகனோ சில மாதங்களில் வேகமாக இளைத்திருந்தால், வீட்டாரோடு உட்கார்ந்து சாப்பிடுவதைத் தவிர்த்தால், எப்போதும் குளிர்கிறது என்றால், மாதவிலக்கு நின்றிருந்தால், டானிக் பாட்டில் காலியாகும்வரை காத்திருக்க வேண்டாம். கடைசியாகப் பார்த்த எடை, மாதவிலக்கு வந்த தேதி, நின்றுபோன உணவுகள் இவற்றை ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். மயக்கம், நெஞ்சுப் படபடப்பு, நாடித்துடிப்பு மிகக் குறைவு என்றால் அன்றைக்கே போங்கள். யாரிடம் முதலில் கேட்பது என்று தெரியாவிட்டால் மத்திய அரசின் டெலி மானஸ் எண் 14416. கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.