பிழைமரம்

சேலம் மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் காவிரியின் குறுக்கே அமைந்த மேட்டூர் அணை, 1934ஆம் ஆண்டு பயன்பாட்டுக்கு வந்தது. அதன் முழு நீர்மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. அணை நிரம்பும்போது, உபரிநீர் பதினாறு கண் மதகின் வழியே வெளியேறுகிறது. அந்நீர் நாமக்கல் மாவட்டத்தின் குமாரபாளையம், பள்ளிபாளையம் ஆகிய ஊர்களைக் கடந்து செல்கிறது. பேரணைகளின் மதகுகள் வேண்டிய நேரத்தில் இயங்குவதைப் பொறுத்தே கரையோர மக்களின் பாதுகாப்பு அமைகிறது.

இத்தகைய அமைப்புகள் எவ்வெவ்வழிகளில் தவறக்கூடும் என்பதை முன்னரே படமாக வரைந்து ஆராயும் முறை ‘பிழைமரப் பகுப்பாய்வு’ எனப்படும். 1962இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில், மினிட்மேன் ஏவுகணையின் ஏவுதல் கட்டுப்பாட்டு அமைப்பை ஆராய்வதற்காக இது உருவாக்கப்பட்டது.

இம்முறையில், நேரக்கூடாத நிகழ்வு படத்தின் உச்சியில் எழுதப்படும். மின்விசையால் இயங்கும் ஒரு மதகை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். ‘மதகு திறக்கவில்லை’ என்பது உச்சி நிகழ்வு. அதன்கீழ் ‘மின்சாரம் இல்லை’, ‘கதவு சிக்கிக்கொண்டது’, ‘திறக்கும் ஆணை வந்து சேரவில்லை’ எனக் கிளைகள் பிரியும். இவற்றுள் ஒன்று நேர்ந்தாலே மதகு திறவாது. எனவே, இவை ‘அல்லது’ என்னும் குறியால் இணைக்கப்படும். மின்சாரம் இல்லாமற்போவதற்கோ, பொது மின்தடமும் அறுபட வேண்டும். டீசல் மின்னாக்கியும் பழுதுபட வேண்டும். ஆதலின், இவ்விரண்டும் ‘உம்’ என்னும் குறியால் இணைக்கப்படும்.

ஒவ்வொன்றும் பழுதடையும் வாய்ப்பு நூற்றில் ஒன்று எனில், இரண்டும் ஒருங்கே பழுதடையும் வாய்ப்பு பத்தாயிரத்தில் ஒன்றாகக் குறையும். ஆயினும், அவை ஒன்றையொன்று சாராதிருந்தால் மட்டுமே இக்கணக்கு பொருந்தும். மின்பகிர்வுப் பெட்டியும் மின்னாக்கியும் ஒரே தாழ்வான அறையில் இருப்பின், உள்ளே புகும் வெள்ளம் இரண்டையும் ஒருசேர முடக்கிவிடும்.

2011ஆம் ஆண்டு ஜப்பானின் ஃபுகுஷிமா அணுமின் நிலையத்தில் இத்தகைய இடர் நேர்ந்தது. நிலநடுக்கத்தால் வெளி மின்சாரம் நின்றது. அதே நிலநடுக்கம் எழுப்பிய ஆழிப்பேரலை, அவசர மின்னாக்கிகளில் பெரும்பாலானவற்றைச் செயலிழக்கச் செய்தது. குளிர்விக்க வழியின்றி மூன்று உலைகளின் எரிபொருள் உருகியது. இரு வேறு காவல்களாகத் தோன்றியவற்றுக்கு ஆபத்து ஒரே வேரிலிருந்து வந்தது.

அந்த வேரைக் காட்டுவதே பிழைமரத்தின் பயன். மின்னாக்கியை மேடான இடத்துக்கு மாற்றுவது, வரைபடத்தில் ஒரு கோட்டை மாற்றும் அளவுக்கு எளிது. கட்டி முடித்தபின் செலவு மிகுந்தது. வெள்ளம் வந்தபின் இயலாதது.