கோச்சடையில் ஒரு ஸ்வெட்டர்!

"இந்த வெயில்ல ஸ்வெட்டரா? யாருக்கு... அய்யனார் கோயில் குதிரைக்கா?" - என்னவரின் கிண்டல். மதுரை கோச்சடையில் மடி நிறையக் கம்பளி நூலோடு உட்கார்ந்தால் வேறென்ன கேட்பார்கள்!

டெல்லியில் இருக்கும் மகளுக்கு டிசம்பரில் பிரசவம். பேரப்பிள்ளைக்கு என் கையால் ஸ்வெட்டர் என்று சொல்லித் தொலைத்துவிட்டேன். ஆபீஸ், சமையல், மாமியாருக்கு வேளாவேளைக்கு மாத்திரை... எல்லாம் முடித்து ஊசியை எடுக்க ராத்திரி பத்தாகும். பன்னிரண்டுக்கு முன் கீழே வைக்க மனசு வராது.

ஒருநாள் விடிகாலை, கட்டைவிரலோடு இரண்டு விரல்கள் மரத்துப்போச்சு. மணிக்கட்டில் நரம்பு அழுந்துகிறதாம். "தூங்கும்போது பட்டை போடுங்க. பின்னல் தினம் அரை மணிதான்" என்றார் டாக்டர். அரை மணியில் கழுத்துகூட ஏறாதே!

2016 ஜனவரி 31-ல் சென்னையில் விரித்த கின்னஸ் போர்வை ஞாபகம் வந்தது. சுபஸ்ரீ நடராஜனின் 'மதர் இண்டியாஸ் க்ரோஷே குவீன்ஸ்' குழு, கொக்கி ஊசியால் பின்னியது. 11,148.5 சதுர மீட்டர்! ஒருத்தி வேலையா அது? ஏராளமான பெண்கள் ஆளுக்குக் கொஞ்சம் சதுரங்களாகப் பின்னிச் சேர்த்தது. இதை வீட்டில் சொல்லிப் புலம்பினேன்.

"கையை இங்கிட்டுக் குடு" என்றார் மாமியார். வலிக்கிற கையை நீட்டினேன்.

"அட, இது இல்ல. ஸ்வெட்டர் கை! பள்ளிக்கூடத்துல படிச்சது, போட்டுப் பாக்குறேன்."

இத்தனை வருஷம் ஒரு வார்த்தை சொன்னதில்லை!

இடது கை ஒரு அங்குலம் நீளம்தான். பிரிக்க நான் சம்மதிக்கவில்லை. நூல் சுற்றித் தருவது யார் தெரியுமோ? குதிரை ஜோக் அடித்தவரேதான்!